மாயலோகத்துக் கணக்குப்பிள்ளை

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் நமக்கு அடுத்த இலையில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர். சாம்பார் வந்து சேருவதற்குள் நம் ஊர், பேர், சுற்றம் எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டார். ரசம் வரும் சமயத்தில், "தாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

கதை எழுதுவதாகச் சொன்னோம்.

"பேஷ்! குடும்பக் கதையா, சரித்திரக் கதையா?"

இரண்டும் இல்லை என்றும், பூதங்களும் பேசும் பறவைகளும் நடமாடும் மலைகளும் வருகிற மாயக் கதைகள் என்றும் அடக்கமாகத் தெரிவித்தோம். பெரியவர் நம்மை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். நரைத்த தலையைச் சற்று அதிக நேரம் பார்த்தார்.

"அது இருக்கட்டும், உத்தியோகம் என்ன?" என்றார்.

ஓர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறோம் என்று சொன்னதும் அவர் முகத்தில் நிம்மதி பிறந்தது. "அப்படிச் சொல்லுங்கள்! பகலெல்லாம் கணக்கோடு மாரடிக்கிறீர்கள். ராத்திரியில் மனம் போனபடி கொஞ்சம் புளுகினால் மூளைக்கு ஓய்வுதானே? அந்தக் கதையில் கணக்கு உண்டா, வழக்கு உண்டா?" என்றார்.

இதற்குத் தகுந்த பதிலை நாம் யோசித்துக்கொண்டிருக்கையில் பாயசக்காரர் நம் இலையைத் தாண்டிப் போய்விட்டார். பாயசம் போனது போனதுதான். பதிலையாவது இங்கே எழுதிவிடலாம் என்று நினைக்கிறோம்.

*

நேயர்களே! எங்கள் தொழிலில் கணக்கைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்றுதான் நாம் கேட்கவேண்டும். ஆபீஸில் நாம் எழுதும் பேரேட்டில் ஒரு தவறு நேர்ந்தால், திருத்துவதற்கு மேலே மூன்று அதிகாரிகள் இருக்கிறார்கள். மாயலோகத்தின் பேரேட்டுக்கோ நாம் ஒருவரே கணக்குப்பிள்ளை. அங்கே ஓடும் நதிக்கு எத்தனை வாய்க்கால், மலையைத் தாண்ட எத்தனை நாள், பூதம் ஒரு வேளைக்கு எத்தனை படி அரிசி சாப்பிடும் என்பதெல்லாம் நம் கையால் எழுதப்பட்டாக வேண்டும். இந்த உலகத்தைப் பற்றிக் கதை எழுதுகிறவருக்குத் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் உள்ள தூரத்தை ரயில்காரர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். நமக்கு யார் அளந்து கொடுப்பார்கள்?

நம் வீட்டு மேஜையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. அதில் நாள், திதி, இடம், நடந்த தூரம், கட்டுச்சோறு, விளக்கெண்ணெய் என்று பத்தி பத்தியாகக் கோடு போட்டிருக்கிறோம். ஒரு குயவர் வீட்டுப் பையன், பேச்சை இழந்துவிட்ட ஒரு நதிக்கு அதன் குரலைத் தேடிக்கொண்டு ஏழு மலை தாண்டிப் போகிறான் என்பது நம் கதை. அவன் கையில், அவனே வனைந்த ஓர் அகல்விளக்கு. அந்த விளக்கு ஒரு குகைக்குள் எத்தனை நாழிகை எரியும் என்று ஒரு சமயம் நமக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சமையலறைக்குப் போய் ஒரு பெரிய அகலில் ஆழாக்கு எண்ணெய் ஊற்றி, ஒற்றைத் திரி போட்டு ஏற்றிவைத்துவிட்டுக் கடிகாரமும் கையுமாக உட்கார்ந்தோம். மாலையில் ஏற்றிய விளக்கு மறுநாள் பிற்பகல் வரையில் எரிந்தது. வீட்டு எஜமானி வந்து பார்த்தாள்.

"பூதத்தின் குகைக்கு எண்ணெய்ச் செலவு நம் வீட்டுக் கணக்கில்தானா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயந்தான். அந்த நியாயத்தைப் பற்றிப் பின்னால் சொல்லவேண்டியிருக்கிறது.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஒரு தடவை அகப்பட்டுக்கொண்டோம். கதை ஒரு பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்த காலம். பையன் நடுநிசியில் விழித்துப் பார்க்கிறான். கீழ்த்திசை மலை முகட்டின் மேல் மூன்றாம் பிறை எழுகிறது என்று ஓர் அத்தியாயத்தை அழகாக முடித்திருந்தோம். நமக்கே அந்த வரியில் ஒரு மோகம். அடுத்த வாரம் கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒரு சிறுமியிடமிருந்து கடிதம் வந்தது. மூன்றாம் பிறை சூரியன் அஸ்தமித்ததும் மேற்கேதான் தெரியும் என்றும், சிறிது நேரத்தில் மறைந்துவிடும் என்றும், மாதந்தோறும் பாட்டியோடு மாடிக்குப் போய்ப் பார்ப்பதால் தனக்கு இது நிச்சயமாகத் தெரியும் என்றும் எழுதியிருந்தாள். "உங்கள் பிறை எப்படிக் கிழக்கே வந்தது?" என்ற கேள்வியோடு கடிதம் முடிந்தது.

அந்த அத்தியாயத்தில் ஒரு பூதம் மலையைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்கிறது. அதைப் பற்றி அந்தக் குழந்தை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஒரு நாரை திருக்குறள் கற்ற பண்டிதரைப் போல் பேசுகிறது. அதற்கும் ஆட்சேபம் இல்லை. பூதத்தையும் நாரையையும் நம்பி ஏற்றுக்கொண்டவள், கிழக்கே எழுந்த மூன்றாம் பிறையை மட்டும் ஏற்க மறுத்துவிட்டாள். எங்கள் தொழிலின் சட்டம் முழுவதும் அந்த ஒரு கடிதத்தில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றியது. பெரிய பொய் ஒன்றைக் குழந்தைகள் நமக்குத் தானமாகக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு வட்டியாக, மற்ற எல்லா விஷயங்களிலும் சத்தியத்தையே எதிர்பார்க்கிறார்கள்.

இது இன்று நேற்று ஏற்பட்ட சட்டமும் அல்ல. விக்கிரமாதித்தனுக்கு இந்திரன் கொடுத்த அரசு ஆயிரம் ஆண்டு. மந்திரி பட்டி காளியிடம் பெற்ற ஆயுளோ இரண்டாயிரம் ஆண்டு. அரசன் முன்னால் போய்விட்டால் மந்திரி என்ன செய்வான்? நாட்டில் ஆறு மாதம், காட்டில் ஆறு மாதம் என்று பிரித்து, ஆயிரத்தை இரண்டாயிரமாக ஆக்கிவிட்டான் பட்டி. வேதாளம் முருங்கை மரத்தில் தொங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்த நம் முன்னோர்கள், இந்தக் கணக்கு ஒத்துவருகிறதா என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்த பிறகுதான் தலையை ஆட்டியிருப்பார்கள்.

*

சிறுமியின் கடிதத்தால் நாம் வெட்கித் தலைகுனிந்திருந்த சமயத்தில் நமக்கு ஆறுதல் அளித்தவர் ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர். ஜே. ஆர். ஆர். டோல்கீன் என்ற பெயர் இன்று நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் 1925 முதல் 1959 வரையில் பழைய ஆங்கில மொழியையும் இலக்கியத்தையும் கற்பித்தவர். அவருடைய மாயக் கதையில் இரண்டு கூட்டத்தார் இரண்டு திசைகளில் பிரயாணம் செய்கிறார்கள். 1944-ஆம் ஆண்டில் ஒரு நாள் அவர் தம் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தபோது, சந்திரன் ஒரு பிரதேசத்தில் உதித்துக்கொண்டிருக்கும் அதே வேளையில் இன்னொரு பிரதேசத்தில் அஸ்தமித்துக்கொண்டிருந்தான்! எழுதி முடித்த அத்தியாயங்களைத் திரும்ப எடுத்துத் திருத்துவதில் அவருக்கு ஒரு பிற்பகல் முழுவதும் கழிந்தது. இதை அவரே தம் மகனுக்குக் கடிதத்தில் எழுதினார்.

அந்த மகன் கிறிஸ்டோபரும் சாமானியன் அல்ல. சிறு பையனாக இருந்தபோது, தகப்பனார் இரவில் கதை சொல்லிக்கொண்டு வருகையில் நடுவில் மறித்து, முன்பு கதாநாயகன் வீட்டுக் கதவு நீலம் என்றீர்களே, இப்போது பச்சை என்கிறீர்களே என்று கேட்டான். குல்லாயில் இருந்த தங்கக் குஞ்சம் எப்படி வெள்ளியாயிற்று என்றும் கேட்டான். தகப்பனார் வாய்க்குள் பையனைச் சபித்துக்கொண்டே எழுந்துபோய் மேஜையில் குறிப்பு எழுதி வைத்தாராம். மாயலோகத்துக் கணக்குகளைத் தணிக்கை செய்ய ஆண்டவன் குழந்தைகளைத்தான் நியமித்திருக்கிறான் போலும்.

டோல்கீனின் நாட்கள் எப்படிக் கழிந்தன என்று படித்தபோது நமக்கு இன்னும் தைரியம் உண்டாயிற்று. நான்கு குழந்தைகள். பேராசிரியர் சம்பளம் போதவில்லை. ஆகையால் கோடை விடுமுறையில் பள்ளி மாணவர்களின் பரீட்சைத் தாள்களைத் திருத்திக் கூடுதலாகச் சம்பாதித்தார். 1930-ஆம் ஆண்டை ஒட்டி அப்படித் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தான். அந்தப் பக்கத்தில் பேராசிரியர் தம்மையறியாமல் ஒரு வாக்கியம் எழுதினார். 'தி ஹாபிட்' என்ற கதை அந்த வாக்கியத்திலிருந்துதான் பிறந்தது. பிரசுரகர்த்தர் அந்தக் கையெழுத்துப் பிரதியைத் தம் 10 வயது மகனிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். பையன் ஒரு ஷில்லிங் கூலி பெற்றுக்கொண்டு, வெளியிடலாம் என்று எழுதிக் கொடுத்தான். 1937 செப்டம்பரில் முதல் பதிப்பு 1,500 பிரதிகள் வெளிவந்தன.

அதன் தொடர்ச்சியாக அவ்வருஷம் டிசம்பரில் ஆரம்பித்த 'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' எழுதி முடிந்தது 1949-ல். அச்சேறி முடிந்தது 1955-ல். யுத்த காலத்தில் காகிதப் பஞ்சம். பழைய பரீட்சைத் தாள்களின் பின்புறத்தில் எழுதினார். தட்டச்சு செய்ய ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது என்று தாமே உட்கார்ந்து தட்டினார். ஆயிரம் பவுன் நஷ்டம் வரலாம் என்று பிரசுரகர்த்தர்கள் கணக்குப் போட்டார்கள். செலவெல்லாம் கைக்கு வரும் வரையில் ஆசிரியருக்குக் காசில்லை, பிறகு வரும் லாபத்தில் பாதி அவருக்கு என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நஷ்டத்தை எதிர்பார்த்துச் செய்த அந்த ஒப்பந்தமே பிற்காலத்தில் அவரைச் செல்வராக்கியது. முதல் பாகம் வெளிவந்தபோது அவருக்கு வயது 62.

செல்வம் நம்மைத் தேடி வரும் என்ற நம்பிக்கையில் இதைச் சொல்லவில்லை. வெறும் பக்கம் ஒன்று அகப்பட்ட இடத்தில் எழுதினார் அல்லவா, அந்த வழக்கத்தைத்தான் சொல்கிறோம். நாம் காலை 4 மணிக்கு எழுந்திருக்கிறோம். 6 மணிக்குப் பால்காரர் மணியடிக்கும்போது மாயலோகத்தின் கதவு சாத்தப்படும். இந்த இரண்டு மணி நேரத்தில் அரை மணி, முந்தின நாள் எழுதியதைப் படிப்பதில் போகும். அரை மணி, அதை அடிப்பதில் போகும். மிச்சத்தில் ஒரு பக்கம் தேறினால் அன்று நல்ல நாள். பிறகு காபி, ஸ்நானம், பஸ், ஆபீஸ்.

*

"நாடு இருக்கிற நிலையில் பூதக் கதை ஒரு கேடா?" என்று நம்மைக் கேட்டவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர், இளமையில் தேசத்துக்காகச் சிறை சென்ற பெரியவர். அவர் வாயிலிருந்து வந்த கேள்வியை அலட்சியம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. பல இரவுகள் தூங்காமல் யோசித்தோம்.

டோல்கீன் மாயக் கதை எழுத ஆரம்பித்தது சாய்வு நாற்காலியில் அல்ல. 1916-ல் பிரான்ஸில் நடந்த ஸோம் யுத்தத்தில் அவர் போர்வீரர். பள்ளித் தோழர்கள் நால்வர் ஒன்றாகக் கனவு கண்டவர்கள். அந்த வருஷம் முடிவதற்குள் அவர்களில் இருவர் மாண்டனர். டோல்கீன் பதுங்குகுழிக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் முதல் கதையை எழுதினார். 1939-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பிரசங்கம் செய்தபோது, மாயக் கதை உலகத்தை விட்டுத் தப்பி ஓடும் வழி என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொன்னார். சிறையில் கிடப்பவன் வெளியே போகவேண்டும் என்று நினைப்பதும், போக முடியாதபோது சுவரையும் காவலாளியையும் தவிர வேறு விஷயங்களைப் பற்றிப் பேசுவதும் குற்றமா? யுத்தகளத்தை விட்டு ஓடும் கோழையையும் சிறையிலிருந்து தப்பும் கைதியையும் ஒன்றாக எண்ணலாமா? இதுவே அவருடைய வாதத்தின் சாரம்.

நாம் இதைப் பெரியவரிடம் போய்ச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, சிறையில் இரவு அடைத்த பிறகு ஒரு தோழர் நாள்தோறும் மதனகாமராஜன் கதை சொல்லுவார் என்றும், மறுநாள் கல்லுடைக்கும்போது அதை நினைத்துக்கொண்டே உடைப்பார்கள் என்றும் சொன்னார். "நன்றாகச் சொல்லுவார் அவர். ஓர் இடத்தில் கூடத் தப்பு வராது" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் நம்மிடம் கேட்கவில்லை.

*

இப்போது வீட்டு எஜமானியின் எண்ணெய்க் கணக்குக்கு வருவோம்.

கதையின் 31-வது அத்தியாயத்தோடு பத்திரிகை நின்றுபோயிற்று. முன்னறிவிப்பு ஒன்றுமில்லை. குயவர் மகன் அகல்விளக்கும் கையுமாகக் குகைக்குள் நுழைந்தவன் நுழைந்தவன்தான். நாம் அவனை வெளியே கொண்டுவர முயலவில்லை. எட்டு வருஷங்களாக அதிகாலைப் பொழுதையெல்லாம் செலவழித்தோம். பண்டிகை நாட்களில் கூடக் கதவைச் சாத்திக்கொண்டோம். பெண்ணுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டிய நேரத்தில் பூதத்துக்குக் கணக்கு எழுதினோம். இதற்கெல்லாம் கிடைத்த பலன் இதுதானா என்று மனம் கசந்துபோயிற்று. நீள நோட்டைப் பரண் மேல் தூக்கிப் போட்டோம். காலை 6 மணி வரையில் தூங்கினோம். உடம்புக்கு நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து நம் தாயாரை மறதி நோய் பற்றிக்கொண்டது. சிறு வயதில் மொட்டை மாடியில் நிலாச் சோற்றைக் கையில் உருட்டி வைத்துக்கொண்டே நமக்கு முதல் பூதத்தைக் காட்டியவள் அவள்தான். அவளுக்கு முதலில் தெருப் பெயர் மறந்தது, பிறகு பேத்தியின் பெயர், பிறகு நாம். காலையில் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், "நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை?" என்று மரியாதையாகக் கேட்பாள்.

ஒரு நாள் மாலை ஆபீஸிலிருந்து திரும்பி வந்தபோது, வீட்டு எஜமானி பழைய பத்திரிகை இதழ்களை வைத்துக்கொண்டு நம் தொடர்கதையை அம்மாவுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இதழ்களை அவள் கட்டி வைத்திருந்தது நமக்குத் தெரியாது. மத்தியானத்தில் அம்மா அமைதியில்லாமல் தவிக்கும் வேளைகளில், ஒரு மாதமாகவே இப்படிப் படித்து வருகிறாளாம். அன்று 31-வது அத்தியாயம் முடிந்தது.

அம்மா அடுத்ததற்குக் காத்திருந்தாள். ஒன்றும் வராமற்போகவே நம்மைத் திரும்பிப் பார்த்து, "அந்தப் பிள்ளை குகைக்குள் போய் எத்தனை நாளாயிற்று? கையில் இருந்தது ஆழாக்கு எண்ணெய்தானே? தீர்ந்திருக்குமே!" என்றாள்.

பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தவள் அந்த எண்ணெயின் அளவை மறக்கவில்லை.

அன்று இரவே பரணிலிருந்து நோட்டை இறக்கினோம். மறுநாள் காலை 4 மணிக்கு எழுந்தோம். காலையில் எழுதிய பக்கத்தை மத்தியானம் வீட்டு எஜமானி படித்துக் காட்டுவாள். டோல்கீனின் பெருங்கதையும் யுத்த காலத்தில் நெடுநாள் நின்றுபோய்க் கிடந்தது. 1944-ல், ஆகாயப் படையில் சேர்ந்து தென்னாப்பிரிக்காவில் இருந்த மகன் கிறிஸ்டோபருக்கு அத்தியாயம் அத்தியாயமாக அனுப்பவேண்டும் என்ற ஆசையால்தான் அது மீண்டும் நகர்ந்தது. ஊருக்கெல்லாம் எழுதுகிறோம் என்று நினைக்கும்போது கை ஓடுவதில்லை. ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் ஓடுகிறது.

நாற்பது நாள் எழுதினோம். எண்ணெய் தீர்ந்தது; இருட்டில் தடவிக்கொண்டே பையன் நடந்தான். அவன் கன்னத்தில் காற்றுப் பட்டது. குகையின் மறுவாசல் வெளுத்தது. அந்தப் பக்கத்தை வீட்டு எஜமானி படித்து முடித்ததும் அம்மா, "வந்துவிட்டானா? சரி" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கதையைப் பற்றி அவள் கேட்கவில்லை. பதினொன்றாம் நாள் காலமானாள்.

நதிக்குக் குரல் திரும்பிய அத்தியாயத்தை எழுத இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. புத்தகம் 500 பிரதிகள் அச்சாயிற்று. இன்னும் சில கட்டுகள் பரண் மேல் இருக்கின்றன. வந்த பணத்துக்கும் எரிந்த எண்ணெய்க்கும் ஐந்தொகை எடுத்துப் பார்த்தால் நஷ்டந்தான். அந்த நஷ்டத்தில் பெரும்பாலும் நம் பெயரில் இல்லை. வீட்டு எஜமானியின் பெயரிலும், தானே கணக்குப் படித்துத் தேறிவிட்ட பெண்ணின் பெயரிலும் இருக்கிறது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் நம் பெயர் மட்டும் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நமக்குச் சிறிது கூச்சம் உண்டாகிறது.

கல்யாணப் பந்தியில் சந்தித்த பெரியவரை மறுபடி சந்தித்தால் இதையெல்லாம் சொல்ல அவகாசம் இருக்காது. ஆகையால் சுருக்கமாக ஒன்று சொல்லலாம் என்றிருக்கிறோம்: ஸ்வாமி, எங்கள் கதையில் கணக்கு உண்டு, அதைச் சரிபார்ப்பவர்களும் உண்டு.

இன்று காலை புதுக் கதையில் ஒரு பிரயாணிக்கு விடியற்காலையில் தேய்பிறை தெரியவேண்டியிருந்தது. பேனாவை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனோம். பின்னாலேயே வீட்டு எஜமானியும் வந்து நின்றாள். மெல்லிய கீற்றாகச் சந்திரன் கீழ்வானத்தில், தென்னை மட்டைக்கு மேலே இருந்தான்.

"கிழக்குத்தான்" என்றாள் அவள்.

கீழே வந்து நோட்டில் குறித்துக்கொண்டோம்.